தீட்டு நின்றதும் போகலாம்

அந்தமானில் எங்கள் பம்பூஃப்ளாட்டில் என்னைவிடப் பெரிய பக்தை கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டே சென்னைக்குப் போய், திருவேற்காட்டு அம்மனைக் கும்பிட்டுவிட்டு வருகிறவள் வேறு யார் இருக்கிறார்கள்? "புருஷன் போன பிறகும் உமா மகேஸ்வரி வேண்டுதல விடல பாருங்க" என்று காலனிப் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் மருமகள்களைத் திட்டுவார்கள்.

நான் போனது மாத்திரைக்கு. எச்.ஐ.வி.க்குத் தருகிற மாத்திரை. அது போர்ட் பிளேரிலேயே காசில்லாமல் கிடைக்கும். ஆனால் அதைக் கொடுக்கிற அறை வாசலில் ஒருநாள் நான் உட்கார்ந்தால் போதும். சாத்தம் ஜெட்டியில் படகு பிடித்து நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். இந்த ஊர் லட்சணம் அப்படி. அதனால் சென்னை. மாத்திரை வாங்கிய கையோடு பஸ் பிடித்துப் போய்த் திருநீறும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுப்பேன். பொய் சொன்னால் மட்டும் போதுமா, அதற்குப் பிரசாதமும் வேண்டாமா?

இந்தச் சீதனம் என் கணவர் ஈஸ்வரன் கொடுத்தது. படகு நிற்கும் ஜெட்டிகளைக் கட்டுகிற காண்டிராக்டர். எந்தத் தீவில் வேலை நடந்தாலும் அங்கேயே மாதக்கணக்கில் தங்குவார். கடைசியில் மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "வைஜெயந்திக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றார்.

வைஜெயந்தி அவருடைய ஒரே தங்கை. அப்பா இல்லாத அவளைப் படிக்கவைத்து, கப்பல் டிக்கெட் ஆபீசில் வேலை பார்க்கும் நாகராஜுக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். எங்களுக்கு அடுத்த வீடு. அவள் வீட்டுப் பூஜை அறையில் சாமி படங்களுக்கு நடுவில் அண்ணன் படமும் இருக்கிறது. தினமும் பூ வைப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை. கெட்டவள் இல்லை அவள். எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொண்டுவருகிறவள்.

போன தடவை சென்னையில் டாக்டர் சொன்னார். "இந்த நோய் இருக்கிற பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை வாயில கேன்சர் வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட அதிகம்மா. ஒரு சின்ன டெஸ்ட்தான். ஆரம்பத்துலயே பார்த்துட்டா பயமே இல்ல. இன்னிக்கே பண்ணிடலாமா?" அன்று சாயங்காலம் கப்பல். அடுத்த தடவை கண்டிப்பாகச் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினேன்.

அந்த அடுத்த தடவைக்கு நாகராஜ் எப்போதும்போல மலிவான பங்க் கிளாசில் டிக்கெட் போட்டு வைத்திருந்தார். கப்பலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ரத்தப்போக்கு ஆரம்பித்தது. நிற்கவில்லை. கொடியில் காய்ந்த துணிகளை வைஜெயந்தி பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, தீட்டோடவா அம்மன் கோயிலுக்குக் கிளம்புறீங்க?"

"அங்க போறதுக்குள்ள நின்னுரும் வைஜெயந்தி."

"நிக்கலைன்னா? கருமாரி சும்மா விடுவாளா? நான் அவருகிட்ட சொல்லி டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். தீட்டு நின்னதும் போலாம். அம்மன் எங்க ஓடிப்போயிரப் போறா?"

என்னத்தைச் சொல்ல? கோயிலுக்குப் போகவில்லை என்றால், பிறகு எங்கே என்று கேட்பாள். ஆஸ்பத்திரிக்கு என்றால், இங்கே இல்லாத ஆஸ்பத்திரியா என்பாள். இத்தனை வருஷமாக நானே பார்த்துப் பார்த்துக் கட்டிய பொய்க்குள் என்னையே வைத்துப் பூட்டிவிட்டாள். அதுவும் எவ்வளவு அன்பாக!

தீட்டு நிற்கக் காத்திருந்தேன். ஒரு வாரம் நிற்கும். நாகராஜ் டிக்கெட்டுக்கு அலைவார். அந்தக் கப்பல் ரிப்பேருக்குப் போயிருக்கும். அடுத்த கப்பல் வருவதற்குள் திரும்பவும் ஆரம்பித்துவிடும். எதிர்வீட்டு ஒச்சம்மா வாழைப்பூவை இடித்துச் சாறு கொடுத்தாள். "நிக்கிற வயசுல எல்லாருக்கும் இப்படித்தாண்டி கொட்டும்" என்றாள். வேலை பார்க்கும் ஆபீசுக்குச் சுட்டி போட்டுவிட்டு, லீவில் படுத்துக் கிடந்தேன். கையிருப்பு மாத்திரையும் தீர்ந்துபோனது. தீட்டு நிற்பதற்காக நான் காத்திருக்க, உள்ளே இன்னொன்று எனக்காகக் காத்திராமல் வளர்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒருநாள் சாத்தத்தில் படகை விட்டு இறங்கும்போது மயங்கி விழுந்தேன். யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் ரூபா பரிசோதித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். சதையை எடுத்து அனுப்பினாள். கேன்சர் என்று வந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. ஹார்லிக்ஸ் என்ன, ஆப்பிள் என்ன! காலனிப் பெண்கள் என் கட்டிலிலேயே உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தார்கள். கோயிலில் என் பெயருக்கு அபிஷேகம் நடந்தது. "நல்லவங்களுக்குத்தான் சாமி இப்படி பீமாரி குடுக்குது" என்று வைஜெயந்தி அழுதாள். நோயிலும் சாதி உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. கேன்சர் மேல் சாதி.

அடுத்து டாக்டரைப் பார்க்க வைஜெயந்திதான் கூட்டிப்போனாள். முற்றிவிட்டது, ஆனாலும் கைவிட வேண்டியதில்லை என்றாள் ரூபா. மெயின்லேண்டில் கதிர்வீச்சு வைத்தியமும் மருந்தும் உடனே ஆரம்பிக்க வேண்டும். இதையெல்லாம் ஹிந்தியில் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"வேறு ஏதாவது நோய் உண்டா? மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மறைத்தால் வைத்தியம் தப்பாகிவிடும்."

வைஜெயந்தியின் கை என் தோள்மேல் இருந்தது. சூடான, பிரியமான கை. அது அங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

"எச்.ஐ.வி. இருக்கு டாக்டர். என் புருஷன்கிட்டேருந்து வந்தது. மாத்திரை நின்னு பல மாசமாச்சு" என்று நானும் ஹிந்தியிலேயே சொன்னேன்.

கை போய்விட்டது. பிறகு வைஜெயந்தி தமிழில், மெதுவாகப் பேசினாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னை 'நீ' என்றாள்.

"எங்க அண்ணன் சாமி. செத்தவரு மேல பழி போடாத. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மெயின்லேண்ட், மெயின்லேண்டுன்னு தனியா ஓடுனியே, அங்கதான வாங்கிட்டு வந்த?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவர் மானத்தைக் காப்பாற்றக் கடல் தாண்டிய ஒவ்வொரு தடவையும் இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றது.

"டாக்டர், அதெல்லாம் எழுதாதீங்க. கேன்சர்னு மட்டும் எழுதுங்க. எங்க குடும்பத்துக்கு ஒரு இஸ்ஸத், ஒரு மானம் இருக்கு" என்று வைஜெயந்தி ஹிந்தியில் கெஞ்சினாள்.

ரூபா என்னைப் பார்த்தாள்.

"எழுதுங்க" என்றேன்.

வைஜெயந்தி கைப்பையை எடுத்துக்கொண்டாள். கதவருகில் நின்று கண்ணைத் துடைத்தாள். முகம் பழையபடி ஆகிவிட்டது. குரலும்தான்.

"வெளியில கேன்சர்னே இருக்கட்டும் அண்ணி. அதுலயே போயிருங்க. மரியாதையா இருக்கும்."

போய்விட்டாள். ரூபாவுக்குத் தமிழ் தெரியாது. அவள் தலை குனிந்து எழுதிக்கொண்டே, துணைக்கு வருகிறவர் பெயர் என்ன என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. எனக்கு மெயின்லேண்டுக்கு வழி தெரியும்" என்றேன்.