மரபுக் கட்சியின் முதல் விதி

எங்கள் பேரூராட்சித் தலைவர் நான்தான். மேசைமேல் 'பிரம்மநாயகி' என்று பெயர்ப்பலகை கூட இருக்கிறது. அதன் பின்னால் உட்காருகிறவர் மட்டும் ஐயம்பெருமாள், என் வீட்டுக்காரர். எனக்குச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் பேசுவார், அவர் கை தூக்குவார், காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். மூன்று வருஷமாக இதுதான் நடைமுறை.

எம்.ஏ. படித்தவள் நான். ஆத்திரம் வராதா? ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"பொம்பளைக்கு இடம் ஒதுக்கினது நேத்து வந்த சட்டம்ட்டி. புருசன் சொல்லுதத கேக்கது ஆதிகாலத்துச் சட்டம். நாம மரபுக் கட்சி. எதக் காப்பாத்தணும், நீயே சொல்லு."

நேற்று வந்த சட்டத்தில்தான் அவருக்கு நாற்காலி கிடைத்தது என்பது மட்டும் உறைக்கவில்லை.

போன மாதம் கட்சி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நம் கட்சி ஆளும் ஊர்களில் எல்லாம் மன்றத்தின் பழைய விதிகளை அப்படியே மீட்டுத் தீர்மானம் போட வேண்டும். தவறினால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த விதிகளில் என்ன இருக்கிறது என்று யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. பழையது என்றால் நல்லதுதானே!

கூட்டத்தன்று செயல் அலுவலர் ஷமீம் பீரோவின் அடியிலிருந்து விதிப்புத்தகத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். அதற்குள் எதிர்வரிசையிலிருந்து மாற்றக் கட்சிப் பாக்கியசீலன் எழுந்துவிட்டார்.

"நாங்க எதிர்க்கோம்!"

"இன்னும் வாசிக்கவே இல்லையே சார்," என்றார் ஷமீம்.

"வாசிச்சா என்ன, வாசிக்காட்டா என்ன? அவங்க கொண்டுவந்தா நாங்க எதிர்க்கோம்."

ஷமீம் வாசித்தார். முதல் விதி: உறுப்பினர் அல்லாதவர் மன்ற அறைக்குள் இருக்கக் கூடாது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பாக்கியசீலனுக்கு வேகம் குறையவில்லை. "இது பிற்போக்கு! காலம் எங்கயோ போயிட்டு. அண்ணாச்சி பொஞ்சாதிக்கு ஒத்தாசையா இருக்காரு. அவரு அங்கனயே இருக்கட்டும்வே!"

பெண் விடுதலை பற்றி மேடை மேடையாக முழங்குகிறவர் இவர். சிரிப்பை அடக்க நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அவரை ஏழேழு ஜென்மத்து நன்றியோடு பார்த்தார்.

ஆனால் எங்கள் கட்சிக்காரர்கள் ஏழு பேரும் கை தூக்கிவிட்டார்கள். சீட்டு முக்கியமல்லவா? எதிர்த்தும் ஏழு பேர். இனித் தலைவரின் ஓட்டுதான் முடிவு. பழக்கதோஷம், எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் கை பாதி எழுந்து அப்படியே நின்றது. தூக்கினால் நாற்காலி போகும், தூக்காவிட்டால் கட்சி போகும்.

"நீங்க தூக்கினா செல்லாது சார். அம்மாதான் தூக்கணும்," என்றார் ஷமீம்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாக அவர் என்னிடம் கெஞ்சினார். "ஏட்டி, அவசரப்படாத. பைய அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிருவோம்."

"மேலிடம் சொன்னத மீற முடியுமா? நமக்குச் சீட்டு வேண்டாமா?" என்று கையை நன்றாக உயர்த்தினேன். மனசில் பயமில்லை, அத்தனையும் சந்தோஷம்.

அவர் எழுந்து வெளியே போனார். நான் போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்து வந்தது ஆற்றுப் படித்துறைக்கு விளக்குப் போடும் தீர்மானம். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். உள்ளே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே ஒரு கை விருட்டென்று உயர்ந்தது.

"அத எண்ணாதீங்க," என்றேன் ஷமீமிடம்.