நான்கு வரிகள், ஒரே பை

“எதுக்கு இப்படிப் பயப்படறே? சர்வர்தான் மாறுது. உன் கம்ப்யூட்டர்ல எதுவும் மாறாது.”

“இந்த ஆஸ்பத்திரிக்கு மாத்தல் வாங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க. ஊர்தான் மாறுது, வேற எதுவும் மாறாதுன்னு. அதுவும் சாமான் ஏத்தற லாரி வாசல்ல வந்து நின்னப்புறம்.”

“ஆரம்பிச்சுட்டியா!”

நேற்றுக் காலை ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கணவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். பதினோரு வருடமாகக் கேட்க நினைத்ததை வழக்கம்போல் விழுங்கிக்கொண்டாள்.

இன்று, அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தப் பைகளின் பட்டியல் கீழ்த்தளத்து சர்வர் கணினியில் இருக்கிறது. அவள் கணினியில் இருப்பது அதற்குப் போகும் லிங்க் மட்டும். அந்த லிங்க் இன்னமும் பழைய சர்வரைத் தேடி, கிடைக்கவில்லை என்று கைவிரித்தது. ஃபிரிட்ஜில் பைகள் இருக்கின்றன. எது யாருக்கு ஒதுக்கியது என்பது பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.

ஜன்னலில் பிரசவ அறை நர்ஸ் ஐஸ் பெட்டியோடு நின்றாள். “ஓ நெகட்டிவ் ரெண்டு பை, அக்கா. குழந்தை பிறந்துடுச்சு, அம்மாவுக்கு ரத்தம் நிக்கலை.”

அவள் போன் செய்ததும், ஆஸ்பத்திரிக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கணவர் கீழ்த்தளத்திலிருந்து இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். புதிய சர்வரின் பெயரைத் தட்டினார். கணினி ஏதோ கேட்டது. சரியாகப் படிக்காமலே ஒன்றைச் சொடுக்கினார். பட்டியல் வந்துவிட்டது.

“இந்தா, ஓ நெகட்டிவ் நாலு பை. எதுவும் யாருக்கும் ஒதுக்கலை. எடுத்துக் கொடு.”

நர்ஸ் பெட்டியைத் திறந்தாள். ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்த மனைவி, திரையைத் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டாள்.

“நாலு பை இல்லைங்க. நம்பரைப் பாருங்க. ஒரே பை நாலு தடவை வந்திருக்கு.”

“அதெப்படி?”

“கம்ப்யூட்டர் உங்களை என்ன கேட்டுச்சு?”

அவர் முகம் வெளுத்தது. “ஒரு வரியை இன்னொரு வரியிலேர்ந்து எதை வச்சுப் பிரிக்கணும்னு கேட்டுச்சு. ரத்தப் பிரிவுன்னு கொடுத்துட்டேன்.”

“ஓ நெகட்டிவ் எல்லாமே அதுக்கு ஒண்ணாப் போச்சு. பை நம்பரைக் கொடுக்கணும். பக்கத்துலதானே நிக்கறேன்?”

“அக்கா, சண்டையை அப்புறம் வச்சுக்குங்க!” என்றாள் நர்ஸ். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

அவர் லிங்க்கை அழித்தார். திரை வெறுமையானது.

“ஐயோ, எல்லாம் போயிடுச்சா?” என்று பதறினாள் நர்ஸ்.

“லிங்க்தான் போச்சும்மா. பட்டியல் கீழே பத்திரமா இருக்கு.” சொன்ன குரல் அவ்வளவு பத்திரமாக இல்லை. மறுபடி இணைத்தார். அதே கேள்வி வந்தது. இம்முறை பை எண்.

நான்கு வரிகள், நான்கு எண்கள். அவற்றில் இரண்டு, மதியம் இதய அறுவை சிகிச்சைக்குப் போகும் ஒரு குழந்தைக்கென்று ஒதுக்கியவை. மற்ற இரண்டின் எண்களை அவள் உரக்கப் படித்து, பைகளில் ஒட்டிய சீட்டோடு ஒப்பிட்டு, பெட்டியில் வைத்தாள். நர்ஸ் ஓடினாள்.

கால் மணி நேரம் ஓடியது. பிறகு பிரசவ அறையிலிருந்து தொலைபேசி வந்தது. தாய்க்கு ரத்தம் ஏறுகிறது, நாடி தேறுகிறது.

கணவர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்பாடா. இப்ப எல்லாம் சரிதானே?”

சரிங்க என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த அந்த இரண்டு பைகள், சற்று முன் தவறிப் போயிருக்கக்கூடிய அந்தக் குழந்தையின் பைகள், கண்ணில் பட்டன.

“சரியில்லைங்க,” என்றாள். “எதை மாத்தறதா இருந்தாலும், மாத்தறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க. இங்கேயும் சரி, நம்ம வீட்டுலயும் சரி.”