ஒரு புள்ளி பாக்கி

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. சிலருக்குக் கனவில் கதை வருமாம். எனக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது வந்தது. அழைத்தவள் எங்கள் பழைய கடைத்தெருவைப் பழையபடி ஆக்கக் கிளம்பியிருக்கும் குழுவின் பலகை வடிவமைப்பாளர், ஒரு இளம்பெண்.

"மேடம், உங்க சித்தப்பா போர்டுல ல-வுக்கு மேல புள்ளி உண்டா, இல்லையா?"

சிரித்துவிட்டேன். அந்தத் தெருவில் வளர்ந்த யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். நீங்களும் சிரிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். விளக்கினால் நகைச்சுவை செத்துப்போகும் என்பார்கள். இது சாகாது, பயப்படாதீர்கள்.

என் சித்தப்பா பல் டாக்டர். கிளினிக் வாசலுக்கு மேலே, நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில், 'வலியில்லாமல் பல் எடுக்கப்படும்' என்று இருந்திருக்க வேண்டும். எங்கள் நினைவில் இருப்பதோ 'வலியில்லாமல் பல எடுக்கப்படும்'. புள்ளி போனதும் ஒரு பல் பல பற்களாகிவிட்டது. ஒன்றைக் காட்டப் போனவன் பொக்கை வாயோடுதான் திரும்புவான் என்று தெருவே சொல்லிச் சிரித்தது. இருந்தது ஒரே ஒரு டாக்டர், அவருக்குப் பெயர் 'பல டாக்டர்'.

2

தொடக்கங்களைப் பார்த்துவிடலாம். எழுதிக் கிழித்தவற்றையும் ஒளிக்கப் போவதில்லை.

முதல் முயற்சி: "அந்தக் காலத்தில் எழுத்துகளுக்கு ஒரு முகம் இருந்தது, வெயில் ஏற ஏற அவை..." (வேண்டாம். இப்படித் தொடங்கும் கட்டுரைகளை நானே நிறைய எழுதிக் கைதட்டல் வாங்கியாயிற்று.)

இரண்டாவது: "புள்ளி என்பது என்ன? ல-வுக்குள் ஒளிந்திருக்கும் உயிரை எடுத்துவிட்டு வெறும் மெய்யை மட்டும்..." (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாக்பீஸ் வாடை அடிக்கிறது.)

மூன்றாவது: துணிக்கடைப் பலகையில் 'மற்றும் மகன்கள்' என்று இருக்கும், கடைக்காரருக்கு எல்லாம் பெண்கள். சைக்கிள் கடைப் பலகையில் வரைந்திருந்த சைக்கிளுக்குப் பெடல் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பலகையைக் கூரைக்குக் கீழே மிகச் சின்ன எழுத்தில் மாட்டியிருந்தார், அதைப் படிக்க முடியாதவர்கள் எல்லாம் நேராக உள்ளே போய்விடுவார்கள். திட்டம் போட்டுச் செய்தாரா என்று தெரியாது.

இப்போது அந்தத் தெரு முழுக்க ஒரே மாதிரி பிளாஸ்டிக் பலகைகள், உள்ளே விளக்கு, எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. ஒரு கடையிலும் ஒரு தப்பும் இல்லை. போய் நின்றால் எந்தப் பக்கம் திரும்புவது என்றே எனக்குத் தெரிவதில்லை.

ஆகவே குழு பழையதைத் திருப்பிக் கொண்டுவருகிறது என்றதும் நான் அவர்கள் கட்சி. சிக்கல் இதுதான்: கிளினிக் பலகைக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு மின்கம்பி சரியாக ல-வின் தலைக்கு மேலே ஓடுகிறது.

"எங்களுக்குப் புள்ளி இல்லாம இருந்தா நல்லது மேடம். ஜனங்க நின்னு போட்டோ எடுப்பாங்க. ஆனா குடும்பம் என்ன சொல்லுதோ அதுதான். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, பெயின்ட் காயணும்."

குடும்பம் என்றால் சித்தி.

3

சித்தி இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறாள். கீழே கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். (முதல் வரைவில் சித்தியை மெலிந்து, சோகமாக, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளாக எழுதியிருந்தேன். அது பொய். சித்தி குண்டு. நான் போனபோது கட்டிலில் சாய்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.)

விஷயத்தைச் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"புள்ளி வைக்கச் சொல்லு."

"பழைய மாதிரியே வேணுமாம் சித்தி. பழசுல புள்ளி இல்லையே?"

"யாருடி சொன்னா? மாட்டின அன்னிக்கு இருந்துச்சு. முதல் மழையில போச்சு. அதுக்கப்புறம்தான் நீ பொறந்தே."

குறிப்பெடுத்த காகிதத்தில் 'பழைய' என்ற சொல்லை அடித்தேன்.*

* கட்டுரையாளராக ஒரு குறிப்பு: பழைய தெரு என்று நான் சொல்லும்போதெல்லாம் எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த வருடத்துத் தெருவைத்தான் சொல்கிறேன். சித்திக்கு அந்தத் தெரு அப்போதே பழுதாகியிருந்தது.

"அப்போ அத்தனை வருஷமும் ஏன் சித்தி சும்மா விட்டீங்க?"

"சும்மா விட்டேனா?" சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இந்த ஜன்னல்ல இருந்து குனிஞ்சா போர்டு கைக்கு எட்டும். பல்லு அடைக்கிற சிமெண்ட்டை ஒரு குச்சியில தொட்டு நானே புள்ளி வெப்பேன். நாலு வெயில் அடிச்சா உதிர்ந்துடும். மறுபடியும் வெப்பேன்."

பல் அடைக்கும் சிமெண்டில் ஒரு புள்ளி! வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது எனக்கு. கதை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"சித்தப்பா என்ன சொன்னார்?"

"சிரிப்பாரு. 'உனக்கு சிமெண்ட் வெக்கத் தெரியல, நான் வெச்சா காலத்துக்கும் நிக்கும்'பாரு. அப்போ நீங்களே வைங்கன்னா, 'நாளைக்கு'ம்பாரு. அந்த நாளைக்கு வரவே இல்ல. கேட்டா, 'சிரிச்சுக்கிட்டே வர்றவன் வாயைத் தொறந்துக்கிட்டே வர்றான், எனக்குப் பாதி வேலை மிச்சம்'பாரு."

"அப்போ அவருக்குப் புள்ளி இல்லாததுதானே பிடிச்சிருந்துச்சு?"

கேட்டிருக்கக் கூடாது.

4

(இந்தப் பகுதியில் சித்தியின் முகம் எப்படி இருந்தது என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை. பேசியதை மட்டும் தருகிறேன்.)

"உன் கடவாய்ப் பல்லை யாருடி எடுத்தா?"

"சித்தப்பா."

"வலிச்சுதா?"

"இல்ல."

"அதை எங்கயாவது எழுதியிருக்கியா? போர்டுல முதல் வார்த்தை என்ன?"

"வலியில்லாமல்."

"அதை ஒருத்தன் படிச்சானா? எல்லாரும் அதைத் தாண்டிக் குதிச்சு 'பல'வுலதான் வந்து நின்னாங்க. அவர் கை பட்டு 'அம்மா'ன்னு கத்தினவன் ஒருத்தனைக் காட்டு பாப்போம். அவர் போன அன்னிக்கு, துக்கத்துக்கு வந்தவங்க வாசல்ல நின்னு போர்டைப் பார்த்து அதையே சொல்லிச் சிரிக்கிறாங்க. நான் உள்ள அவர் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். இப்போ மறுபடியும் அதை மாட்டி, கீழ நின்னு போட்டோ புடிக்கணுமாம். நான் மேல இருந்து பார்க்கணுமாம்."

நீங்கள் வேண்டுமானால் முதல் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பலகையை இரண்டு முறை எழுதிக் காட்டியிருக்கிறேன். விளக்கியதெல்லாம் 'பல'வை மட்டும்தான். நீங்களும் அங்கேதான் சிரித்திருப்பீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, நான்தான் அப்படி அழைத்துப் போனேன்.

5

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கிறது.

(அ) புள்ளி வைக்கிறோம். பலகை மாட்டியாகிறது. எழுத்துச் சுத்தம், பொருள் சுத்தம். யாரும் நின்று பார்ப்பதில்லை. துணிக்கடையின் 'மகன்களை'ப் பார்த்துச் சிரித்தவர்கள் கிளினிக்கை அப்படியே கடந்து போகிறார்கள். சித்தி மட்டும் தினமும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறாள்.

(ஆ) வைக்கவில்லை. கூட்டம் அலைமோதுகிறது. வாயைப் பொத்திக்கொண்டு படம் எடுக்கிறார்கள். மேலே ஒரு ஜன்னல் சாத்தப்படுகிறது, அது படத்தில் விழாது. (இது நல்ல முடிவு. எனக்குப் பெயர் வாங்கித் தரும். அதனாலேயே எனக்கு இதன் மேல் சந்தேகம்.)

(இ) புள்ளி இல்லாமல் மாட்டி, சித்தி கையில் ஒரு குச்சியும் கொஞ்சம் சிமெண்டும் கொடுப்பது. அவளே வைக்கட்டும். உங்களுக்குக் கண் கலங்கும். சித்தியிடம் சொல்லியும் பார்த்தேன்.

"இந்த முட்டியோட என்னை ஜன்னல்ல தொங்கச் சொல்றியா? உன் கதை நல்லா வர நான் கீழ விழணுமா?"

(இ) ரத்து.

"ஏண்டி, நீ எழுதுறவதானே? ஒரு புள்ளி வெக்க இவ்வளவு யோசனையா?"

6

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். நான் புள்ளியில்லாத பலகையைப் பார்த்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே உள்ளே ஓடுவேன், சித்தப்பா கையுறையோடு வந்து என் வாயைத் திறக்கச் சொல்லிப் பயமுறுத்துவார். அது போனால் எனக்கு வலிக்கும். அது இருந்தால் சித்திக்கு வலிக்கும். வலியில்லாமல் எடுக்கத் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அவரும் 'நாளைக்கு' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போன் அடிக்கிறது. வடிவமைப்பாளர்தான். சித்தி என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கதையில் இதுவரை வாக்கியத்துக்கு ஒன்றாகத் தாராளமாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்துவிட்டேன். ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, கதையை முடிக்கிற புள்ளி. அதை நான் வைக்கப் போவதில்லை. ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் வரியின் கடைசியில் வைத்தால் கதை முடிந்துவிடும். ல-வின் தலைமேல் வைத்தால் சித்தப்பா சொன்ன அந்த 'நாளைக்கு' வந்துவிடும். எங்கே வைப்பதானாலும், வைக்கும் முன் சித்திக்காக ஒரு காரியம் செய்யுங்கள். முதல் வார்த்தையிலிருந்து, தாண்டிக் குதிக்காமல், நிதானமாகப் படியுங்கள்.

வலியில்லாமல் பல எடுக்கப்படும்