சந்தியா நட்ட கழி

மூன்று மணிக்கு வேலை நேர்காணல், லேப்டாப்பில். சந்தியாவிடம் இருந்தது பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப். வைரஸ் தின்று விண்டோஸ் செத்துப்போய், லினக்ஸ் மட்டும் மிஞ்சியிருந்தது. போனோ, அம்மா கையால் இறால் தடவிப் பிடிக்கப் போனபோது அவள் மடியிலிருந்து ஏரியில் விழுந்து உயிரை விட்டுவிட்டது. கையில் மிச்சம், தோழி எலிசபெத் கொடுத்த, சிம் போட்ட பழைய நெட் டாங்கிள் ஒன்றுதான். பழவேற்காட்டுக் கடைக்காரன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. லினக்ஸில் இதெல்லாம் ஓடாது, உனக்கு எதுக்கும்மா இந்த வேலை என்றான். அந்த 'எதுக்கும்மா'வைத் தன் ஊரான பசியாவரம் வந்து சேரும்வரை பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் சொருகினால், மோடம் என்றே காட்டவில்லை. சிடி என்றது. விண்டோஸுக்கான மென்பொருளை வயிற்றில் சுமந்துகொண்டு சிடி வேஷம் கட்டி உட்கார்ந்திருந்தது அந்தச் சனியன். கட்டளை அடித்து அந்தச் சிடியை வெளியே துரத்தினாள். வேஷம் கலைந்தது, மோடம் வந்தது.

சிக்னல்தான் வரவில்லை. கூரைமேல் ஏறியும் வரவில்லை. நைனாவின் படகைக் கரையிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தி, சேற்றில் கழி ஒன்றை ஊன்றி, நீள ஒயரில் டாங்கிளைக் கோத்து அதன் உச்சியில் கட்டினாள். படகில் வைத்திருந்த லேப்டாப்பில் சிக்னல் இரண்டு கோடு எழுந்தது.

அதற்குள் கரையில் கூட்டம். ஏரியில் கழி நட்டால், அங்கே வலை போடும் முறை என்னுடையது என்று பொருள். பாடு என்பார்கள், சீட்டுக் குலுக்கி ஆண்களுக்கு மட்டும் கொடுப்பது. நைனாவின் அண்ணனும் ஊர்த் தலைவருமான ஆதிகேசவன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தார். பொம்பளை கழி நட்ட வழக்கம் இங்கே கிடையாது, எடு என்றார்.

"நான் வலை போடல பெரிப்பா."

"எதப் போட்டா இன்னா? இது இளங்கோவன் பாடு."

"தண்ணி அவன் பாடு. மேல கீற காத்தும் அவனுதா?"

கரையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆதிகேசவனுக்கு அது சுருக்கென்றது. கழியைப் பிடித்து ஆட்டினார். சேறு இளகிக் கழி சாயவும், திரையில் நேர்காணல் எடுக்கும் பெண்மணி தோன்றி வணக்கம் சொல்லவும் சரியாக இருந்தது.

சந்தியா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "புடுங்கு பெரிப்பா. அவங்களும் பாக்கட்டும்."

அவர் ஒரு கையால் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். மறு கை கழியை விடவில்லை, விட்டால் விழும்.

பக்கத்தில் யார் என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"எங்க பெரியப்பா மேடம், ஊர்த் தலைவர். நான் பேசி முடிக்கிற வரைக்கும் கழிய அவர்தான் பிடிச்சிட்டிருப்பார்."

பிடித்துக்கொண்டுதான் நின்றார். பேசி முடித்ததும், இப்பவாவது எடு என்றார். நாளைக்கு நேர்காணலில் அடுத்த சுற்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சந்தியா கழியை இன்னும் ஒரு முழம் ஆழமாக இறக்கினாள்.