கூப்பிட்டால் திரும்புவான்

அன்புச்செல்வியின் மகன் இளவரசனுக்கு நாலு வயசு ஆகப்போகிறது. இன்னும் வாயைத் திறந்து அம்மா என்று ஒரு சொல் சொன்னதில்லை. அதற்காக ஊர் சும்மா இருக்குமா? அவர்கள் ஊரான அடி அண்ணாமலையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு என்றார்கள், தடவினாள். தேன் தொட்டு வை என்றார்கள், வைத்தாள். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், உன் வீட்டுக்காரனே அஞ்சு வயசில்தான் வாய் திறந்தான் என்று ஒருத்தி சொன்னாள். அந்தப் பேச்சைத்தான் அன்புச்செல்வி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நமக்கு எது வேண்டுமோ அதைத்தானே காது முதலில் எடுத்துக்கொள்கிறது.

அவன் லேசில் பிறந்த பிள்ளையும் இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்காமல், அவள் புருஷன் குமரேசன் அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டு, அப்புறம் தங்கியவன். தீபத் திருவிழாவில் தேரன்று கரும்பு வெட்டி, அவளுடைய கூறைப்புடவையையே அதில் தொட்டிலாகக் கட்டி, பிள்ளையைக் கிடத்தி, முன்னால் அவனும் பின்னால் அவளுமாகத் தோளில் சுமந்து மாட வீதி நாலையும் சுற்றி வந்தார்கள். குமரேசன் கிரிவலப் பாதையில் கடை வைத்திருக்கிறவன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருகிற அத்தனை ஜனத்தோடும் மல்லுக்கட்டி மோரும் சோடாவும் விற்கிற மனுஷன். ஒருத்தர் முன்னாலும் கண் கலங்காதவன், அன்றைக்குத் தேரடியில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். சாமி கொடுத்த பிள்ளையைக் குறை சொன்னால் கொடுத்தவரையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு அன்றிலிருந்து ஒரு பயம். பெற்றவள் வாயால் சொன்னால் அது பலித்துவிடும் என்று அதைவிடப் பெரிய பயம்.

ஆனால் அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? முகத்தைப் பார்க்க மாட்டான். பொம்மைக் காரைக் கொடுத்தால் ஓட்ட மாட்டான்; கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு கிடப்பான். தண்ணீர் வேண்டுமென்றால் அவளைப் பார்த்துக் கேட்க மாட்டான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சொம்பின் மேல் வைப்பான், அந்தக் கைக்கு மேலே ஒரு ஆள் இருக்கிற நினைப்பே இல்லாமல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே கிடையாது. காது கேட்காமல் இல்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறவன்தான்.

ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் திரும்புவான். ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது அவள் கையிலிருந்த கண்ணாடி வளையல்கள் குலுங்கின. பிள்ளை சட்டென்று திரும்பி அவள் கையையே பார்த்தான். மறுபடி குலுக்கினாள், மறுபடி பார்த்தான். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து அரசு, அரசு என்று கூப்பிடும்போதெல்லாம் கையையும் ஒரு ஆட்டு ஆட்டுவாள். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை பெயருக்குத் திரும்புகிற மாதிரியே இருக்கும். குமரேசன் கூப்பிட்டாலும் பக்கத்தில் அவள் கை ஆடிவிடும். விடிந்தால் கடைக்கு ஓடுகிற மனுஷனுக்கு இதையெல்லாம் கவனிக்க ஏது நேரம்? என் பையன் பேசத்தான் மாட்டான், பேர் சொன்னா டக்குனு திரும்புவான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அவள் கேட்டுக்கொண்டு இருப்பாள்.

அங்கன்வாடி டீச்சர் சரசுதான் விடவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு வாடகை வீட்டில் சின்னதாகப் பள்ளி ஆரம்பித்திருக்கிறார்கள், வேலூரிலிருந்து ராஜமாணிக்கம் என்று ஒரு மனநல நிபுணர் வருகிறார், அவர் பார்த்துச் சொன்னால்தான் அங்கே சேர்த்துக்கொள்வார்கள், ஒரு தடவை காட்டிவிடு என்று வீடு தேடி வந்து சொன்னாள். குமரேசன் முறைத்தான். என்றாலும் டீச்சர் சொல்லைத் தட்ட முடியாமல் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனார்கள்.

ராஜமாணிக்கம் நரைத்த தலையும் மெதுவான பேச்சுமாக இருந்தார். ஊசி இல்லை, மருந்து இல்லை. பாயில் நாலைந்து பொம்மையைப் பரப்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படிப் பார்க்கிறான், எப்படி விளையாடுகிறான், சத்தம் கேட்டால் என்ன செய்கிறான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் உண்டாம். வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்தால் ஒன்று, அதிலிருந்து விலக விலக நாலு வரைக்கும் ஏறும். மொத்தம் ஒரு கோட்டைத் தாண்டினால் ஆட்டிசம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தான் பார்ப்பது பாதிதான், மீதி தாய் சொல்வதில்தான் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். இருக்கிறதென்றால் அஞ்சு வயசுக்குள் பழக்க ஆரம்பித்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பிள்ளைக்குத்தான் நஷ்டம் என்றும் சொன்னார்.

அவ்வளவும் கேட்டுவிட்டுத்தான் அவள் பொய் சொன்னாள். மற்ற பிள்ளைகளோடு விளையாடுவானா என்றால் விளையாடுவான் என்றாள். வேண்டியதைக் கைநீட்டிக் காட்டுவானா என்றால் காட்டுவான் என்றாள். சத்தத்துக்குப் பயப்படுவானா என்றால் அதெல்லாம் ஒன்றும் கிடையாது என்றாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்குத் தெரிந்ததே அவள் சொல்லிக் கொடுத்ததுதான். கடைசியில் ராஜமாணிக்கம் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, இளவரசன் என்று கூப்பிட்டார். அன்புச்செல்வி மடியிலிருந்த கையை லேசாக அசைத்தாள். பிள்ளை திரும்பினான். கை தானாக ஆடிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தானாகவாவது ஆடுகிறதாவது! தெரிந்துதான் ஆட்டினாள்.

மார்க் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. பெயருக்கு நன்றாகத் திரும்புகிறான், அது நல்ல அறிகுறி, பேச்சுத்தான் தாமதம் என்றார் ராஜமாணிக்கம். குமரேசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வருகிற வழியிலேயே பெரிய கோயில் வாசலில் இறங்கி, கற்பூரம் ஏற்றி, பிள்ளையின் தலையைச் சுற்றித் தேங்காய் உடைத்தான். அவளும் கும்பிட்டாள். கும்பிட்ட கையில் வளையல் குலுங்கியது. பிள்ளை திரும்பிப் பார்த்தான்.

அடுத்த பௌர்ணமி வந்தது. பொழுது சாயும்போதே பாதை நிறைந்துவிட்டது. கடையில் அவளும் கூட நின்று டம்ளர் கழுவித் தந்தால்தான் சமாளிக்க முடியும். பிள்ளை உள்ளே சாக்கின் மேல் உட்கார்ந்து ஒரு பாட்டில் மூடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் மோர்ப் பானையைக் கலக்கிவிட்டுத் திரும்பினால் சாக்குத்தான் இருக்கிறது, மூடி கிடக்கிறது, பிள்ளையைக் காணோம்.

ஜனமெல்லாம் ஒரே பக்கமாகப் போகிற பாதை அது. அந்த ஓட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை இறங்கினால் எங்கே போய்ச் சேருவான் என்று யார் கண்டது? வழியில் குளங்கள் வேறு இருக்கின்றன. குமரேசன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போலீஸ் பந்தலுக்கு ஓடினான். பச்சைச் சட்டை, பேசமாட்டான், ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவான் என்று மூச்சு வாங்கச் சொன்னான். அவள் பக்கத்தில்தான் நின்றாள். இல்லை, திரும்ப மாட்டான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போலீஸ்காரர் மைக்கைப் பிடித்துவிட்டார். இளவரசன், இளவரசன் என்று பாதை முழுக்க ஒலிபெருக்கி கத்தியது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நன்றாக இருட்டுவதற்குள் நிலா மேலே வந்துவிட்டது. தேடப் போயிருந்த ஓர் இளம் காவலர் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, கிடைக்கவில்லை என்று கையை விரித்தார். அப்புறம் அவராகவே சொன்னார்:

"வாயு லிங்கத்தாண்ட பச்சைச் சட்டை போட்டுக்கினு ஒரு பையன் நின்னான்ங்க. பக்கத்துலயே போயி ரெண்டு மூணு வாட்டி பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. பேர் சொன்னா திரும்புவான்னீங்களே, அதான் வேற யாரோ வூட்டுப் புள்ளன்னு வுட்டுட்டு வந்துட்டேன்."

அது தன் பிள்ளைதான் என்று அன்புச்செல்விக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கைக்கெட்டின பிள்ளை. எதிரிலேயே நின்ற பிள்ளை. அவள் சொன்ன பொய்தான் அவனை வேறு யாருடைய பிள்ளையோ ஆக்கி நடுரோட்டில் நிறுத்திவிட்டது. அடிப் பாவி, உன்னை மாதிரி ஒரு தாய் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள். ஜனத்தை இடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வளையலைக் குலுக்கிக் குலுக்கி ஓடினாள். சாமி வந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெயரைச் சொல்லி ஒரு தடவைகூட அவள் கூப்பிடவில்லை.

வாயு லிங்கச் சன்னதியில் அவன் இல்லை. அதற்கடுத்த குபேர லிங்கத்துக்குப் போகிற வழியில், காகிதக் காற்றாடி விற்கிற ஒருத்தர் தன் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து போனார். சுற்றுகிற காற்றாடிகளை அண்ணாந்து பார்த்தபடி அவர் பின்னால் ஒரு பச்சைச் சட்டை போய்க்கொண்டிருந்தது. அவள் குலுக்கினாள். பச்சைச் சட்டை நின்றது, திரும்பியது. பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு பாதையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவள் வளையலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தும் குமரேசன் காவலரைத்தான் திட்டினான். சரியாகக் கூப்பிட்டிருக்க மாட்டான் என்றான். அவளுக்கோ, இன்றைக்கு என் கை இருந்தது, நாளைக்கு நான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையை யார் திருப்புவார்கள் என்பது ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. வேலூர்க்காரர் அடுத்த தடவை எப்போது வருவார் என்று சரசுவிடம் கேட்டு வைத்துக்கொண்டாள். மறுபடி எதுக்கு, அதான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரே என்று குமரேசன் சலித்துக்கொண்டான். ஒரே ஒரு வாட்டி வாங்க, அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிக் கெஞ்சினதில்லை. வந்தான்.

அதே அறை, அதே பாய். பிள்ளை காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினான். ராஜமாணிக்கம் எதற்காகத் திரும்ப வந்தீர்கள் என்று கேட்டார். அவள் இடது கையை ஒடுக்கி, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சத்தமில்லாமல் மேஜை மேல் வைத்தாள். பிறகு வலது கை. குமரேசனுக்கு முகம் வெளிறிவிட்டது. எந்தப் பெண்ணாவது புருஷன் எதிரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் காரியம் செய்வாளா? இன்னா பண்றே நீ, நான் உயிரோடதான இருக்கேன் என்று அடிக்குரலில் அதட்டினான்.

"ஏங்க," என்றாள், வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு. "இப்பக் கூப்பிடுங்க உங்க புள்ளய."

குமரேசன் கூப்பிட்டான். அரசு என்றான், சர்வ சாதாரணமாக. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. டேய் அரசு, அப்பா கூப்பிடுறேன் பாரு என்றான். பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. இளவரசா என்று முழுப் பெயரும் சொல்லி உரக்கக் கூப்பிட்டான். அந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பிள்ளை திரும்பவில்லை. குமரேசன் பெண்டாட்டியைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். எழுந்து, நாலைந்து வளையலைக் கையில் எடுத்து லேசாகக் குலுக்கினான்.

பிள்ளை திரும்பினான். அப்பன் முகத்தை அல்ல, அப்பன் கையைப் பார்த்தான்.

குமரேசன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தேரடியில் அழுதவன்தான், இப்போது சத்தமே வரவில்லை, கண்ணிலிருந்து மட்டும் வழிந்தது. உன் மேல் கோபப்படவா, என் மேல் கோபப்படவா என்று கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தான். ராஜமாணிக்கம் புதிதாக ஒரு மார்க் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, முதலிலிருந்து சொல்றீங்களாம்மா என்று மட்டும் கேட்டார்.

அவள் சொன்னாள். சொம்பின் மேல் வைக்கிற கை, மிக்ஸிச் சத்தம், கட்டிலுக்கு அடி, பார்க்காத கண், எல்லாவற்றையும் தன் வாயாலேயே, அண்ணாமலையார் கேட்டால் கேட்கட்டும் என்று, சொன்னாள். மார்க் ஏறிக்கொண்டே போனது. கோட்டைத் தாண்டியும் ஏறியது. குமரேசன் இந்தத் தடவை தலையாட்டவில்லை, காது கொடுத்துக் கேட்டான். திங்கட்கிழமையே பள்ளிக்குக் கூட்டி வரச் சொன்னார் ராஜமாணிக்கம். இன்னும் அஞ்சு வயசு ஆகவில்லை, நேரம் இருக்கிறது என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது அவளுக்கு.

வெளியே வந்ததும் குமரேசன் அவள் கையை வாங்கி வளையல்களைத் தானே மாட்டிவிட்டான். பழக்கமில்லாத கை, அவளுக்கு வலித்தது. மாட்டாமல் இரண்டை மட்டும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது எதுக்கு என்றாள்.

"கடையில என்கூட இருக்கறப்ப," என்றான், "நானும் கூப்பிடணும் இல்ல."