மறுபடி ஓட்டு

பச்சை நிறத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். கீரையைச் சொல்லவில்லை. எங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையைச் சொல்கிறேன். மேசைக் கணினிகளுக்கான இயங்குதளம் தயாரிக்கிற நிறுவனம் எங்களுடையது. புதுப் பதிப்பு வெளியாகும் முன் நாங்கள் செய்கிற ஒவ்வொரு சோதனைக்கும் அந்தத் திரையில் ஒரு கட்டம் உண்டு. தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. எல்லாக் கட்டமும் பச்சையானால்தான் பதிப்பு வெளியே போகும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடக்கிற கூத்தைக் கேளுங்கள். ஒரு கட்டம் சிவந்தால் ஏன் சிவந்தது என்று எவனும் கேட்க மாட்டான். "மறுபடி ஓட்டு" என்பான். மறுபடியும் சிவந்தால், இன்னொரு முறை ஓட்டு. எப்போதாவது ஒரு தடவை தேறிவிட்டால் போதும், கட்டம் பச்சையாகிவிடும். முன்னால் தேறாததையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். வெட்கமாவது, சொரணையாவது!

ஏன் சிவந்தது என்று கேட்கிற ஒரே ஆள் நான் என்பதால் எனக்கு அங்கே 'ஈ' என்று பட்டப்பெயர். எங்கே புண் இருக்கிறதோ தேடிப் போய் உட்காருவேனாம். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் எங்கள் சோதனைப் பிரிவின் மேலாளர், என் அக்கா புருஷன். வீட்டில் அவர் எனக்கு அத்தான், ஆபீசில் சார். "தப்பித் தவறிக்கூட இங்க அத்தான்னு கூப்பிட்டுடாத" என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். நானும் கூப்பிட்டதில்லை.

அக்கா படம் வரைகிறவள். நர்சிங் படிக்கிறவர்களுக்கான பாடநூல் ஒன்றுக்காக மனிதக் கையைக் கணினியிலேயே வரைந்துகொண்டிருந்தாள். மேல்தோல், அதற்குக் கீழே தசை, நரம்பு, கடைசியில் எலும்பு என்று அடுக்கடுக்காக. கல்யாணமான பிறகு வரைவதையே விட்டிருந்தவள், இந்த வேலை வந்தபிறகுதான் பழைய அக்காவாகச் சிரித்தாள். படங்கள் முடிகிற கட்டத்தில் இருந்தன. எல்லாம் வீட்டுக் கணினியில் இருந்தது, அதுவும் கழுத்துவரை நிரம்பிக் கிடந்தது. அவர்கள் வீட்டு மாடியறையில்தான் நான் இருக்கிறேன். இன்னொரு பிரதி எடுத்து வை என்று வாய் ஓயாமல் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே!

"வீட்டுக்குள்ளயே ரெண்டு கம்ப்யூட்டர் ஆளுங்க இருக்கீங்க. எனக்கு என்னடி கவலை?" என்பாள்.

எங்கள் சோதனைக் கணினிகளைத் தினமும் காலையில் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள். குளிப்பாட்டுவது என்று அதற்குப் பெயர். உள்ளே ஒரு படம் இருக்காது, ஒரு பாட்டு இருக்காது. எந்த வீட்டில் ஐயா கணினி அப்படி இருக்கிறது? அதனால் அன்றைக்கு ஒரு கணினியை அக்காவுடையதைப் போலவே மூச்சுமுட்ட அடைத்தேன். பிறகு புதுப் பதிப்பை அதன்மேல் ஏற்றினேன். கட்டம் சிவந்தது.

அத்தான் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். "என்ன ஈ, ரிலீஸ் நேரத்துல வம்பு?"

"ஏன்னு பாத்துக்கிட்டிருக்கேன் சார்."

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். மறுபடி ஓட்டு." நான் தடுப்பதற்குள் அவரே ஓட்டினார். பச்சை வந்தது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அத்தான் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் அந்தக் கணினியைத் திறந்து பார்த்தேன். நான் அடைத்து வைத்த ஒன்றும் அதில் இல்லை. புதுப் பதிப்பு பழைய கோப்புகளைப் புது இடத்துக்கு நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். இடம் பற்றாத கணினியில் நகல் பாதியிலேயே நின்றுவிடுகிறது, அழிப்பது மட்டும் கடமை தவறாமல் நடந்துவிடுகிறது. அதனால்தான் முதல் தடவை சிவப்பு. இரண்டாம் தடவை ஓட்டும்போது நகலெடுக்க ஒன்றுமே மிச்சமில்லை. ஒன்றுமில்லாததை ஒழுங்காக நகர்த்தி முடித்துவிட்டதாகப் பச்சையைக் காட்டுகிறது. இத்தனை மாதமாகக் குளிப்பாட்டிய கணினிகளில் இதைத்தான் தேறியது, தேறியது என்று கொண்டாடியிருக்கிறோம். கருமம்!

ஓடிப்போய் அத்தானிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாராவது டிஸ்க்க அப்படி ரொப்பி வச்சிருப்பாங்களா?"

"அக்கா வச்சிருக்கா சார்."

"ஆபீஸ்ல அக்கா கதை வேண்டாம். பச்சை வந்துடுச்சா? வந்துடுச்சு. போ, வேலையப் பாரு."

அவர் பல்லிடுக்கில் பிஸ்கட் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த வாயில்தானா வீட்டில் உட்கார்ந்து நேர்மை, உழைப்பு என்று எனக்குப் பாடம் எடுக்கிறார் என்று அருவருப்பாக இருந்தது.

பிற்பகலில் இயக்குநரிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. வெளியீட்டுக்கு முன் மேலாளர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுக் கணினியில் புதுப் பதிப்பை ஏற்றித் திரையைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். நம் பொருளை நாமே நம்பாவிட்டால் எப்படி என்று கேட்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அத்தானின் நாற்காலி காலியாக இருந்தது. அவருக்கு எதிலும் முதல் ஆளாக இருக்க வேண்டும்.

அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீடு பக்கத்தில்தான், தெருவில் இறங்கி ஓடினேன். சிக்னலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தான் கணினியின் முன் உட்கார்ந்திருந்தார். திரை முழுக்கச் சிவப்பு.

"அத்தான், கைய எடுங்க!"

"ஏன் இப்படிக் கத்துற? சும்மா ஒரு சிவப்பு. மறுபடி ஓட்டுனா சரியாயிடும்."

"ஓட்டாதீங்க. அழிஞ்சதெல்லாம் இன்னும் டிஸ்க்லதான் கிடக்கு, இப்ப நிறுத்துனா மீட்டுடலாம். ஓட்டுனீங்கன்னா புது வெர்ஷன் அது மேலயே எழுதிடும். அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."

அக்கா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தாள். "என்னது அழிஞ்சது?"

அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் அழியல, உன் தங்கச்சிக்கு எல்லாத்துலயும் பதற்றம்" என்றார். சொல்லிக்கொண்டே பொத்தானைத் தட்டிவிட்டார். நான் சுவரிலிருந்த ஸ்விட்சை அணைக்கப் பாய்ந்தேன். நடுவில் நிறுத்தினால் மொத்தமும் போய்விடும் என்று எனக்கே பாடம் சொல்லிக்கொண்டு குறுக்கே நின்றார். மனிதரைத் தள்ளிவிடவும் முடியவில்லை, தடிமாடு மாதிரி நிற்கிறார்.

பச்சை வந்தது. உங்கள் கணினி தயார், வாழ்த்துகள் என்று திரை சொன்னது. அத்தான் படமெடுத்து உடனே அனுப்பினார். "பாத்தியா?" என்று என்னைக் கேட்டார்.

அக்கா அவரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு இடமாகத் திறந்தாள். மூடினாள். திரும்பவும் முதலிலிருந்து திறந்தாள். கடைசியில் எங்கள் இருவரையும் பார்த்து, "கை எங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தேன். அரை நகமும் சில சாம்பல் கோடுகளும் மீண்டன. அக்கா அழவில்லை, திட்டவில்லை, சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அத்தான் அனுப்பிய படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்கள். இயக்குநர் எழுந்து நின்று காட்டினார். "பாருங்க, ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் எவ்வளவு சுத்தமா இருக்கு! இதுதான் நம்ம வெர்ஷன்." எல்லோரும் கைதட்டினார்கள். அத்தான் சிரித்தார். ஆமாம், சிரித்தார். சீ! ஒரு மனிதன் இவ்வளவு கீழே இறங்க முடியுமா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்துவிட்டேன்.

"அத்தான்" என்றேன்.

அறையே திரும்பியது. அவர் முகத்தில் ரத்தமில்லை.

"அக்கா நேத்துலேர்ந்து சாப்பிடல அத்தான். கை எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. என்ன சொல்லட்டும்?"

"யாரோட கை?" என்று இயக்குநர் கேட்டார். அத்தான் நான் எதிர்பார்க்காததைச் செய்தார். எழுந்து போய்ச் சுவர்த் திரையில் முந்தின நாள் பச்சையாக்கிய கட்டத்தைத் தன் கையாலேயே சிவப்பாக்கினார். "அது சுத்தமா இல்ல சார், காலியா இருக்கு. என் மனைவியோட வேலை மொத்தமும் போச்சு" என்றார். மறுபடி ஓட்டு என்று யாரும் சொல்லவில்லை. வெளியீடு தள்ளிப்போனது.

அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தன் வீட்டில் தீப்பிடித்த பிறகுதானே அவருக்குப் புகை தெரிந்தது. இன்றும் அவர் தொட்ட மவுஸை நான் துடைத்துவிட்டுத்தான் தொடுகிறேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அக்கா காகிதமும் பென்சிலும் எடுத்து வைத்திருந்தாள். அத்தானை எதிரே உட்காரச் சொன்னாள். பொத்தானைத் தட்டிய வலது கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொன்னாள். மேல்தோலிலிருந்து ஆரம்பித்தாள். வெகுநேரம் ஆகியும் அவரை அவள் எழவிடவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுக்க விரலை லேசாக அசைத்தார்.

அக்கா அந்தத் தாளைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டுப் புதுத்தாளை எடுத்தாள்.

"அசைஞ்சுட்டீங்க" என்றாள். "மறுபடி."