நான்கு தடவை கொடுத்த பால்

தொண்டி பாத்துமுத்துக்கு அரபு நாட்டில் ஓர் அலுவலகத்தில் ‘யாருமில்லாதவர்’ வேலை. காலை எட்டு மணிக்கு வந்து, தாழ்வாரத்தின் கடைசியில், வயிற்றில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

குழந்தைகள் வீட்டில் யாரிடம் அன்பாக இருக்கிறார்கள், யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற மனநலச் சோதனை அது. வெளிநாட்டிலிருந்து வாங்கியது. வாப்பா, உம்மா, அண்ணன், தங்கை என்று அட்டையில் செய்த ஆளுயர உருவங்கள் வந்தன. கடைசியாக, யாருமில்லாதவர் என்று முகமில்லாத ஓர் உருவம். எல்லார் வயிற்றிலும் தபால் பெட்டி போல ஒரு துவாரம். குழந்தையிடம் சீட்டுகளைக் கொடுப்பார்கள். ‘இவர் என்னைக் கொஞ்சுவார்’ என்று ஒரு சீட்டு. ‘இவர் என்னை அடிப்பார்’ என்று ஒரு சீட்டு. யாருக்குப் பொருந்துகிறதோ அவர் வயிற்றில் போட வேண்டும். ஒருவருக்கும் பொருந்தாவிட்டால் முகமில்லாதவர் வயிற்றில் போட வேண்டும்.

சுங்கத்தில் மற்ற உருவங்களை விட்டுவிட்டார்கள். முகமில்லாததை மட்டும், பாஸ்போர்ட் படத்தோடு பொருந்தவில்லை என்று நிறுத்திக்கொண்டார்கள். அதன் இடத்தில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பாத்துமுத்து அப்போது பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படி நிற்கத் தொடங்கி மூன்று வருடம் ஆயிற்று.

சோதனையை அரபுக் குழந்தைகளுக்குத் தக்கபடி மாற்றும் பொறுப்பு டாக்டர் நவாலுக்கு. நல்ல பெண்மணி. யாரையும் அதட்டிப் பேச மாட்டார். ‘இவர் எனக்குத் தூங்கும் முன் கதை படிப்பார்’ என்ற சீட்டை, ‘இவர் பேரீச்சம்பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டு எனக்குத் தருவார்’ என்று மாற்றினார். ‘இவரை எனக்குப் பிடிக்காது’ என்ற சீட்டை எந்தக் குழந்தையும் தொடவில்லை. பெரியவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது மரியாதையில்லை. அதை, ‘இவர் வெளியூர் போனால் வீடு அமைதியாக இருக்கும்’ என்று மாற்றினார். மறுநாளே வாப்பாவின் வயிறு நிரம்பி ஒட்டு விட்டது.

அடுத்து, குடும்பம் சின்னதாக இருக்கிறது என்றார்கள். பெரியப்பாவைச் சேர்த்தார்கள். சித்தப்பா, மாமா, மாமி, வாப்பாவின் இன்னொரு மனைவி, அவருடைய பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் நிற்க இடம் வேண்டுமே. ஓர் உறவைச் சேர்த்தால் தாழ்வாரம் நான்கு அடி நீளும். யாரும் இடித்துக் கட்டவில்லை. பட்டியலில் பெயர் ஏறினால் தானாகவே நீளும். முப்பத்தெட்டாவது உறவில் தாழ்வாரம் சாலையைத் தாண்டியது. ஐம்பதாவது உறவில் கடற்கரைக்குப் போய்விட்டது. வழியில் ஒவ்வோர் உறவுக்கும் நின்று ஸலாம் சொல்லிவிட்டு, பாத்துமுத்து வேலைக்குப் போய்ச் சேரவே அரை மணி நேரம் ஆயிற்று.

பட்டியல் எழுதுவது கீழக்கரை நெய்னா காக்கா. சீட்டுகளை மொழிபெயர்ப்பதும் அவர்தான். மதியம் அவள் நிற்கிற இடம்வரை நடந்துவந்து, தன் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டுப் போவார். சொல்லிவிட்டுச் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பாத்துமுத்துக்கு ஊருக்குப் போக வேண்டும். அவளுடைய மகள் ரிஸ்வானாவுக்கு ஆறு வயது. ஐந்து மாதக் கைக்குழந்தையாகத் தன் அக்கா லாத்தாவிடம் விட்டுவிட்டு வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு போனில் பேசுவாள்.

“உம்மா, போன் உம்மா பேசுறாங்க” என்று ரிஸ்வானா லாத்தாவைக் கூப்பிடுவாள்.

“நான்தான்டி உம்மா. அது பெரியம்மா.”

“சரி போன் உம்மா. பெருநாளைக்கு வர்றீங்களா?”

“வாறேன் ராசாத்தி.”

“போன பெருநாளைக்கும் இதத்தான் சொன்னீங்க. போனுக்குள்ளயே இருந்துக்கிட்டு எப்புடி வருவீங்க?”

பாத்துமுத்து விடுப்புக் கேட்டாள். அட்டை உருவங்களுக்கே வருடத்தில் நாற்பது நாள் விடுப்பு உண்டு. சித்தப்பா மலைப்பிரதேசம் போய், ஈரத்தில் ஓரமெல்லாம் உப்பி வந்திருந்தார்.

டாக்டர் நவால் படிவத்தைப் பார்த்தார்.

“யாரைப் பார்க்கப் போறே?”

“மகள, டாக்டர்.”

“மகள் இருந்தா நீ இந்த வேலையில இருக்க முடியாதே, பாத்து. நீ யாருமில்லாதவர். பட்டியல்ல உள்ள உறவுகளுக்குத்தான் விடுப்பு.”

“அப்ப என்னையும் பட்டியல்ல சேருங்க.”

“என்ன உறவுன்னு சேர்க்கிறது?”

படிவத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அரை மணி நேர நடை.

அந்த மாதமே எழுபத்திரண்டாவது உறவாகப் பால்தாயைச் சேர்த்தார்கள். பெறாத பிள்ளைக்கு ஒருத்தி பால் கொடுத்தால் அவளும் தாய்தான். மார்க்கத்தில் உள்ளது. அட்டைக்குப் பால் சுரக்காது என்பதால், இந்த இடத்துக்கு மட்டும் உயிருள்ள ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டார்கள்.

நெய்னா காக்கா மூச்சிரைக்க வந்தார்.

“பாத்துமுத்து, வந்த புதுசுல ஒரு வீட்டுல இருந்தியே. அந்தப் புள்ளைக்கி நீ பால் குடுத்தேன்னு சொன்னேல்ல? அப்ப நீயும் பட்டியல்ல ஏறலாம்.”

“குடுத்தேன் காக்கா. ஷைஹான்னு பேரு. அவ உம்மாவுக்குக் காய்ச்சல். புள்ள வீரிட்டு அழுதுச்சு. எனக்கும் நெஞ்சு கட்டிக் கெடந்துச்சு. ஊர்ல ரிஸ்வானாவுக்கு லாத்தா டின்பால் கரைச்சிக்கிட்டு இருந்தா.”

“எத்தன தடவை?”

அவள் விரலை மடக்கினாள். “நாலு.”

“நம்ம மத்ஹபு சட்டத்துல, தாயாகணும்னா அஞ்சு வேணும்.”

“அஞ்சாவது தடவைக்குள்ள அவங்க வீட்டுலயும் டின் வாங்கிட்டாங்க.”

காக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். பெரியப்பா உருவம் மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“அஞ்சுன்னு எழுதிடவா? யாருக்குத் தெரியும்?”

“குடுத்தவளுக்குத் தெரியும். குடிக்க வச்ச மேல உள்ளவனுக்கும் தெரியும். நாலுன்னே எழுதுங்க.”

காக்கா நான்கு என்று எழுதினார். 

டாக்டர் நவால் வருத்தப்பட்டார். நான்கு தடவைக்கு நாற்பது நாளில் ஐந்தில் நான்கு பங்கு கொடுக்கலாமா என்று மேலே கேட்டார். அரைகுறைத் தாய்க்கு வழியில்லை என்று பதில் வந்தது. குழந்தையைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள்.

ஷைஹாவை அழைத்து வந்தார்கள். ஆறு வயது. இரட்டைப் பின்னல். கையில் சீட்டுக் கட்டும், சோதனைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தருகிற மோர்ப் பாக்கெட்டும். அவள் நடக்கத் தொடங்கினாள். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போட்டாள். மூன்று மணி நேரம் நடந்து, கடற்கரைக்கு அப்பால், பாத்துமுத்து நிற்கும் இடத்துக்கு வந்தாள். டாக்டர் நவால் குறிப்பேட்டோடு பின்னால் வந்தார்.

குழந்தைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தெரியும் என்று பாத்துமுத்துவும் நினைத்திருக்கவில்லை.

“நீ ஏன் இவ்வளவு தூரத்துல நிக்கிறே?” என்றாள் ஷைஹா.

“இதுதான் என் இடம்.”

“உன் உதடு வெடிச்சிருக்கு.”

“கடல் காத்து.”

குழந்தை மோர்ப் பாக்கெட்டைப் பார்த்தாள். பாதிதான் குடித்திருந்தாள். எம்பி, குழாயைப் பாத்துமுத்துவின் வாயில் வைத்தாள்.

“பிஸ்மி சொல்லிக் குடி. சிந்தாதே.”

பாத்துமுத்து குடித்தாள். மூன்று வருடத்தில் அவளுக்கு யாரும் ஊட்டியதில்லை. கண் நிறைந்தது. துடைக்க முடியவில்லை. இரண்டு கையும் பெட்டியைப் பிடித்திருந்தன.

ஒரு வாரம் ஆலோசித்து மேலிடம் முடிவை அனுப்பியது. ஐந்தாவது ஊட்டல் நடந்திருக்கிறது. அதை டாக்டரே கண்டிருக்கிறார். ஆனால் ஊட்டியது குழந்தை. ஆகவே பால்தாய் ஷைஹா. பாத்துமுத்து பிள்ளை. பிள்ளை என்றால் சோதிக்கப்பட வேண்டியவர். சோதனை முடியும்வரை பிள்ளைகள் தாழ்வாரத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. விடுப்பு வேண்டுமானால் தாயிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தாய்க்கு ஆறு வயதுதான் என்பதால் இன்னும் பன்னிரண்டு வருடம் பொறுக்க வேண்டும்.

“உனக்கு ஓர் உறவு கிடைச்சிருச்சே” என்றார் டாக்டர் நவால். உண்மையாகவே மகிழ்ந்துதான் சொன்னார். அவள் வயிற்றிலிருந்த பெட்டியை அவிழ்த்து, கையில் சீட்டுக் கட்டைக் கொடுத்தார். ஒரு மோர்ப் பாக்கெட்டும் கொடுத்தார்.

பாத்துமுத்து நடந்தாள். ‘இவர் என்னைக் கொஞ்சுவார்.’ அவளுடைய உம்மா மௌத்தாகிப் பதினைந்து வருடம். உம்மா உருவத்தில் போட்டாள். ‘இவர் கொட்டையை எடுத்துவிட்டுத் தருவார்.’ நெய்னா காக்காவுக்கு உருவம் இல்லை. அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். காக்கா தலை நிமிரவில்லை.

கடைசியில் ஒரு சீட்டு மிஞ்சியது. ‘இவர் எனக்காகக் காத்திருக்கிறார்.’ எழுபத்திரண்டு வயிறும் பார்த்துவிட்டாள். பிள்ளைக்கு மகள் இருக்க முடியாது என்பதால் மகள் உருவம் செய்யவில்லை. தாழ்வாரத்தின் கடைசியில், அவள் நின்ற இடத்தில், இரண்டு காலடித் தடமும் வெறும் சுவரும் இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

“போன் உம்மா, எப்ப வர்றீங்க?”

“நடந்து வந்துக்கிட்டு இருக்கேன் ராசாத்தி.”

“எங்க வந்துருக்கீங்க?”

பாத்துமுத்து சுவரைப் பார்த்தாள்.

அன்று மாலை எல்லாரும் போனபிறகு, சாப்பாடு கொண்டுவந்தபோது அந்தப் பேச்சைக் கேட்டிருந்த நெய்னா காக்கா பட்டியலை எடுத்தார். அன்றுவரை பொய் எழுதியதில்லை என்பதால் வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுபத்து மூன்றாவது உறவாக, ‘வாப்பாவோடு ஹஜ்ஜுக்குப் போனபோது பக்கத்தில் படுத்திருந்தவர்’ என்று எழுதினார். அது பொய்யில்லை. எல்லார் வாப்பாவுக்கும் அப்படி ஒருவர் இருக்கத்தான் செய்வார்.

சுவர் கடலைப் பார்த்து நான்கு அடி நகர்ந்தது.

பாத்துமுத்து மிஞ்சிய சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிஸ்மி சொல்லி, நான்கு அடி நடந்து, நின்றாள்.